வெக்ஸ்லி பிரபு ஒதுங்கிய மண்டபம்

கிளிஃபோர்ட் தினமும் தலை சாய்க்கிற கண்ணாடித் தடுப்பின் மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கூரை ஒழுகுகிறது, தூண்கள் துருப்பிடித்துவிட்டன, ஆகவே இந்த மழை மண்டபம் கூடிய சீக்கிரம் இடிக்கப்படும். இப்படிக்கு விண்ட்லி நகரசபை. அதை நின்றுகொண்டு ஒரு தடவை படித்தார். பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எப்படிப் படித்தாலும் இடிக்கத்தான் போகிறார்கள்.

"போச்சுடா," என்றார். கேட்பதற்கு ஒரு கடற்காகம் மட்டும்தான் இருந்தது. அதுவும் அவருடைய ரொட்டியின் மேலேயே கண்ணாக இருந்தது.

ஒரு பழைய மண்டபம் போனால் போகட்டுமே, இதற்கு இவ்வளவு பெரிய மனிதர் எதற்காக இடிந்துபோய் உட்கார வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. விண்ட்லியில் ஒரு காலத்தில் பத்து மணி விதி என்று ஒன்று உண்டு. ரயில் வந்த புதிதில் மில் ஊர்களிலிருந்து ஜனங்கள் வாரக்கணக்கில் கடற்கரைக்கு வந்து தங்குவார்கள். விடுதிக்காரம்மாக்கள் காலைச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, பத்து மணிக்கு மணியடித்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கதவு திறக்கும். இடையில் மழை பெய்தாலும் சரி, ஆலங்கட்டி விழுந்தாலும் சரி, குழந்தைக்குச் சளி பிடித்தாலும் சரி, விதி விதிதான். உல்லாசமாக இருக்க வந்தவர்கள் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு கடற்கரைச் சாலையில் மேலும் கீழும் நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தக் காலத்து மேயர் ஒருவர் இரும்புத் தூணும் கண்ணாடித் தடுப்பும் நீள பெஞ்சுமாக வரிசையாக மழை மண்டபங்கள் கட்டினார். மற்றதையெல்லாம் கடல் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விட்டது. இது ஒன்றுதான் மிச்சம்.

விதியும் எப்போதோ ஒழிந்துவிட்டது. இன்றைக்கு எந்த விடுதிக்காரியாவது விருந்தாளியை வெளியே போகச் சொன்னால் இணையத்தில் எழுதியே நாறடித்துவிடுவார்கள். இருந்தாலும் விண்ட்லியில் இன்னும் ஒரே ஒரு ஆசாமி தினமும் பத்து மணிக்கு வெளியேற்றப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் கிளிஃபோர்ட். வெளியேற்றுகிறவள் அவருடைய சொந்த மனைவி மேவிஸ்.

மேவிஸ் சண்டைக்காரி இல்லை. சண்டைக்காரியாக இருந்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது, இரண்டு வார்த்தை பேசித் தீர்த்திருப்பார்கள். அவள் நடத்துகிற 'பெல்லா விஸ்டா' விடுதி அவளுடைய கொள்ளுப்பாட்டி டாபித்தா அம்மாள் தொடங்கியது. அந்த அம்மாளின் பித்தளை மணி இன்றைக்கும் கூடத்தில் தொங்குகிறது. பத்து மணிக்கு மேவிஸ் அதை அடிப்பாள். யாரையும் துரத்துவதற்கு அல்ல, அறை சுத்தம் செய்ய வருகிறேன் என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

கிளிஃபோர்ட் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். விடிவதற்கு முன் போய் விளக்கு வைத்த பிறகு வருகிறவர். ஓய்வு பெற்ற முதல் திங்கட்கிழமை, சமையலறை ஜன்னலோரம் பேப்பரும் தேநீருமாக ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. மேவிஸ் வாக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றாள்.

கிளிஃபோர்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தான் இடைஞ்சலாக இருக்கிறோம் என்பது ஒரு மனுஷனுக்குத் தெரியாதா என்ன? எழுந்தார், தொப்பியை மாட்டினார், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு வாசல் மேஜையில் ஒரு பிளாஸ்க் நிறைய தேநீர் தயாராக இருந்தது. கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது. அன்றிலிருந்து வருஷக்கணக்காக அதே கதை. மணி அடிக்கும், மழை வர்ற மாதிரி இருக்கு என்று அவள் சொல்லுவாள், இவர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவார், ஐந்து மணிக்குத் திரும்புவார். நான் வீட்டிலேயே இருக்கட்டுமா என்று ஒரு நாளாவது கேட்டாரா என்றால், கேட்கவில்லை. விண்ட்லியில் அப்படியெல்லாம் யாரும் மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிட மாட்டார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? அவருக்கு அவள் மேல் உயிர். அதையும் அவர் சொன்னதில்லை.

இப்போது மண்டபம் போய்விட்டால் எங்கே போவார்? நூலகம் வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது. தேநீர்க்கடையில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார முடியாது. கடல் பாலத்தில் நிற்கலாம் என்றால் காற்று ஆளையே தூக்கிவிடும். கிளிஃபோர்டுக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

நேரே நகரசபை ஆபீசுக்குப் போனார். அங்கே டென்ஸில் என்று ஒரு ஒல்லி அதிகாரி, நிரந்தர ஜலதோஷக்காரர். இந்த ஊருக்கு வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியும் ஆபீஸ் முடிந்ததும் ரயிலேறிப் போய்விடுவார். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியாது. அவர் பரிவோடுதான் பேசினார். பழுது பார்க்க வழியில்லை என்றார். போதாக்குறைக்குப் பொதுமக்கள் தரப்பிலிருந்தே இடிக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள் என்றார். சரித்திர முக்கியத்துவம் ஏதாவது இருந்தால் மட்டும் மாவட்டத்துக்குச் சொல்லி நிறுத்தி வைக்கலாமாம்.

"அப்படி ஏதாவது அங்க நடந்திருக்கா சார்?"

விண்ட்லியில் எதுவுமே நடந்தது கிடையாது. ஒரே ஒரு தடவை ஒரு நிலக்கரிக் கப்பல் வந்து கடல் பாலத்தில் முட்டி அதை இரண்டாக்கியது. அதற்கும் மண்டபத்துக்கும் சம்பந்தமில்லை. கிளிஃபோர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். 'வெக்ஸ்லி சலவையகம்' என்று எழுதிய வேன் ஒன்று விடுதிப் போர்வைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"வெக்ஸ்லி பிரபு அங்கதான் மழைக்கு ஒதுங்கினார்," என்றார். வாய் தானாகப் பேசிவிட்டது.

"பிரபுவா? பிரபுன்னா குதிரை வண்டி இருந்திருக்குமே. எதுக்கு மண்டபத்துல ஒதுங்கணும்?"

"விடுதியில வெளிய அனுப்பிட்டாங்க. பத்து மணி ஆயிடுச்சுல்ல."

டென்ஸில் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு பிரபுவையா?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

இதைக் கேட்டதும் பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் கையை எடுத்துவிட்டு, அதானே என்று தலையை ஆட்டினாள். அவள் விண்ட்லியில் பிறந்தவள். டென்ஸில் எந்த விடுதி என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறவருக்குப் பொய்யில் அவ்வளவு பழக்கம் கிடையாது, வண்டி ஏன் தாமதம் என்பதைத் தவிர. ஆகவே தெரிந்த ஒரே பெயரைச் சொன்னார். பெல்லா விஸ்டா, டாபித்தா அம்மாள்.

அவர் கடற்கரைச் சாலைக்குத் திரும்புவதற்குள் விஷயம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மீன் வறுவல் கடை லென், கரண்டியோடு வெளியே ஓடிவந்து, அண்ணே, உங்க வீட்டுல இவ்வளவு பெரிய சரித்திரத்தை வெச்சுக்கிட்டு வாயே திறக்கலையே என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். சட்டையெல்லாம் எண்ணெய்.

ராத்திரிச் சாப்பாட்டில் மேவிஸ் கறியையும் மசித்த உருளைக்கிழங்கையும் கொஞ்சம் பலமாகவே மேஜையில் வைத்தாள்.

"அந்த மண்டபம் ஒழுகுது. அதைக் காப்பாத்தி என்ன ஆகப் போகுது?"

"சரித்திரம் மேவிஸ்."

"சரித்திரத்துக்கு இருமல் வராது. உங்களுக்கு வரும்."

கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்காமல் இழுத்துவிட்டோம், அந்த வருத்தம் என்று கிளிஃபோர்ட் நினைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தார். உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

மறுநாள் மண்டபத்தில் அவர் பிளாஸ்கைத் திறக்கிற நேரத்துக்கு பெரில் வந்து எதிரில் நின்றாள். பெரில், பக்கத்து 'ஓஷன் வில்லா'வின் சொந்தக்காரி. குரலெடுத்தால் கடல் கொஞ்சம் அடங்கிப் போகும். பொய் வெளுத்துவிட்டது என்று கிளிஃபோர்ட் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அவள் கோபம் வேறு மாதிரி இருந்தது.

"அந்தப் பிரபுவை வெளிய தள்ளினது எங்க கொள்ளுப்பாட்டி யூஃபீமியா. ஊருக்கே தெரியும். டாபித்தாவுக்கு இளகின மனசு, காய்ச்சல்னு ஒரு ஆளை மத்தியானம் வரைக்கும் கூடத்துல உட்கார வெச்சவ. அவளாவது, பிரபுவைத் தள்றதாவது?"

கிளிஃபோர்டுக்குத் தலை சுற்றியது. நேற்று மத்தியானம் பிறந்த பிரபுவை இவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று அவள் சத்தியமே செய்தாள். அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. கேட்ட மாதிரி ஒரு ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பிரபு விட்டுப்போன சவரப் பிரஷ் ஒன்றும் அவள் வீட்டுப் பரணில் கிடைத்துவிட்டது. அதைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினாள்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. வேறு ஊர் என்றால், பிரபுவுக்கு உபசாரம் செய்தது நாங்கள்தான் என்று அடித்துக்கொள்வார்கள். விண்ட்லியில், மழையில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது யார் வீட்டுக் கிழவி என்று அடித்துக்கொண்டார்கள். லென் கடையில் டாபித்தா கட்சிக்காரர்கள் வறுவல் மீனுக்கு ஊற்றுகிற வினிகர் பாட்டிலை யூஃபீமியா கட்சிக்குத் தள்ள மறுத்தார்கள். சர்ச் பாடகர் குழுவில் ஒரு பக்கம் பாடும்போது மறுபக்கம் இருமியது.

இதைத் தீர்ப்பதற்கு சர்ச் மண்டபத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். டாபித்தா வம்சத்தில் எஞ்சியிருக்கிற ஒரே வாரிசு என்று மேவிஸைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கொள்ளுப்பாட்டி மழையில யாரையும் வெளிய அனுப்பியிருக்க மாட்டாங்க. எனக்குப் பிரபுவும் வேண்டாம், அந்த மண்டபமும் வேண்டாம். இடிக்கறதா இருந்தா இடிச்சுட்டுப் போகட்டும்."

என்ன அடக்கம், என்ன பெருந்தன்மை என்று கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. பெரில்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேவிஸ் முகம் சிவந்து உட்கார்ந்தாள். அப்புறம் கூட்டம் முடிகிறவரை கிளிஃபோர்ட் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசி அவர் பார்த்ததில்லை. 

சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று அவரே எழுந்து ஒரு வழி சொன்னார். பிரபுவை இரண்டு பேருமே வெளியேற்றியிருக்கலாமே என்றார். திங்கட்கிழமை பத்து மணிக்கு டாபித்தா அனுப்பினார். பிரபு அன்றைக்கு முழுக்க மண்டபத்தில் நனைந்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஓஷன் வில்லாவில் போய்ச் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு யூஃபீமியா அனுப்பினார். சபை அதை உடனே ஏற்றுக்கொண்டது. பிறகு ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளாத குறை. இரண்டு நாளும் விதியை மீறவில்லையே நம் ஊர்க்காரர்கள் என்று ஒரு கிழவர் தழுதழுத்தார்.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் கெல்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. விண்ட்லிக்குக் கெல்டனைக் கண்டால் ஆகாது, ஏனென்றால் கெல்டனின் கடல் பாலம் முழுசாக இருக்கிறது. விண்ட்லி பாலத்தை முட்டிய கப்பலின் கேப்டன் கெல்டன்காரன் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கெல்டன் இப்போது ஓர் அறிக்கை விட்டது. விண்ட்லியில் இரண்டு நாள் மழையில் விரட்டப்பட்ட வெக்ஸ்லி பிரபு, மனம் நொந்து மூன்றாம் நாள் எங்கள் ஊருக்கு வந்தார். நாங்கள் வெந்நீர் வைத்துக் கொடுத்தோம். ஆகவே பிரபுவுக்கு நினைவுப் பலகை வைக்கிற உரிமை எங்களுக்கே.

அவ்வளவுதான், விண்ட்லி கொதித்து எழுந்தது. நம்ம பிரபுவுக்கு இவன் யார் வெந்நீர் வைக்க என்று லென் மேஜையைக் குத்தினான். சலவையகத்து முதலாளி, தான் அந்தப் பிரபுவின் நேர் வாரிசு என்று அறிவித்து, வேனில் பெயருக்கு மேலே ஒரு கிரீடம் வரைந்துகொண்டார். அந்த வேன் தினமும் மண்டபத்தைத் தாண்டித்தான் போகும். போகும்போதெல்லாம் கிளிஃபோர்ட் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மேவிஸ் பேச்சைக் குறைத்துவிட்டாள். வியாழக்கிழமைகளில் அவள் தன் சிவப்பு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கறிக்கடைக்குப் போகிறேன் என்று கிளம்புவது வழக்கம். அங்கேயிருந்து இப்போதெல்லாம் முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். கேட்டால், ஒன்றுமில்லை, காற்று ஜாஸ்தி என்றாள். பொய்யால் மண்டபமும் நிற்காது, மனைவியும் போய்விடுவாள் போலிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டி நகரசபைக்கு நடந்தார்.

"அந்தப் பிரபு விஷயமா ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

டென்ஸில் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து கையை நீட்டினார். மாவட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டார்களாம். இரண்டு ஊர் இப்படிச் சண்டை போடுகிறதென்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லி, மண்டபத்தைப் புராதனச் சின்னமாக அறிவித்துவிட்டார்களாம்.

"இனிமே யாராலயும் அதை இடிக்க முடியாது சார். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றார் கிளிஃபோர்ட்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஐந்து மணி ஆகவில்லை என்பதுகூட நினைவில்லை. மேவிஸ் மாடிப்படியில் வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மாதிரி இருந்தது. அவர் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப மண்டபம் இருக்கும்," என்றாள்.

"இருக்கும்."

"எப்பவுமே."

"எப்பவுமே மேவிஸ்."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தாள். "மழை வர்ற மாதிரி இருக்கு," என்றாள். வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிளிஃபோர்ட் அதைக் கவனித்தார், ஆனால் அவள் சொன்ன பிறகு நிற்கக் கூடாது என்று குடையை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

திறப்பு விழாவுக்கு முன்னால் மண்டபத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி வேலை நடந்தது. அத்தனை வாரமும் அவர் பாதிக் கடல் பாலத்தில் காற்றில் நின்றார். கொஞ்ச நாள்தானே, அப்புறம் புதுக் கூரை, புது பெஞ்சு என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். இருமல் வந்தது. மேவிஸ் சொன்ன மாதிரியே வந்தது.

விழா நாள் காலையில் மணி அடித்தது. கிளிஃபோர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மேஜையில் பிளாஸ்க் இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார். மேவிஸ் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அவளுடைய கோபம் இந்த அளவுக்கு வந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கடற்கரையில் ஊரே கூடியிருந்தது. பேண்டு வாத்தியம், மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலி, பட்டுத் துணியில் சவரப் பிரஷ். பிரபுவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்று கிளிஃபோர்டையே ரிப்பனை வெட்டச் சொன்னார்கள். வெட்டினார். தார்ப்பாய் விழுந்தது. ஆஹா, என்ன அழகு. தூணெல்லாம் பச்சை வர்ணம், கூரையில் தகடு, பெஞ்சு கண்ணாடி மாதிரி மின்னியது. அவர் பழக்கதோஷத்தில் தன் மூலையைப் பார்த்து நடந்தார். மூக்கு ஒரு கண்ணாடிக் கதவில் இடித்தது. கதவுக்குப் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு பலகை: பிரபு அமர்ந்த பெஞ்சில் எவரும் அமரக் கூடாது, உள்ளே பிரவேசிக்க அனுமதியில்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, விண்ட்லி மழை, பக்கவாட்டில் பெய்கிறது. மேயர், பேண்டுக்காரர்கள், பெரில், சவரப் பிரஷ் எல்லோரும், ஊரிலேயே ஒழுகாத ஒரே மண்டபத்தைச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு நாலாபக்கமும் ஓடினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் பூட்ஸ் கொஞ்ச நேரம் நின்று, வீட்டுப் பக்கம் திரும்பி நடப்பதைக் கிளிஃபோர்ட் பார்த்தார். கூப்பிடலாம் என்று நினைத்தார். கூப்பிடவில்லை.

லென் கடையின் துணிப் பந்தலுக்குக் கீழே போய் ஒண்டினார். பக்கத்தில் டென்ஸில் தும்மிக்கொண்டு நின்றிருந்தார்.

"இனிமே நான் எங்க போவேன்?" என்றார் கிளிஃபோர்ட். மனதில் நினைத்தது சத்தமாகவே வந்துவிட்டது.

"வீட்டுக்குப் போகலாமே சார்."

"பத்து மணி தாண்டியாச்சே."

டென்ஸிலுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கிழவரின் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். தான் கெல்டன்காரன் என்றும், தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், இந்த ஊரில் தனக்கு யாரையும் சரியாகத் தெரியாது, கிளிஃபோர்டிடம் மட்டும்தான் பேசத் தோன்றுகிறது என்றும் சொன்னார். பிரபு கதை பொய் என்று தனக்கு அப்போதே ஒரு சந்தேகம் என்றும் சொன்னார். கிளிஃபோர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை விடுங்க சார். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை."

"எந்தம்மா?"

"மண்டபத்தை இடிக்கச் சொல்லிக் கேட்டாங்கன்னேனே, ஒரே ஒருத்தங்கதான். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து வியாழக்கிழமை தவறாம, ஆபீஸ்ல வேற யாரும் இல்லாத சாப்பாட்டு நேரத்துல வருவாங்க. பேர் சொல்ல மாட்டாங்க. செகப்பு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு, எனக்கு ஜலதோஷம்னு இஞ்சி கேக் வேற கொண்டு வந்து குடுப்பாங்க. அவங்க விடாம நடந்ததாலதான் இடிக்கவே முடிவு பண்ணினோம்."

மழைச் சத்தம் திடீரென்று எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. வீட்டில் இடமில்லை, சரி. ஊரில் ஒரு பெஞ்சு இருந்தது, அதுகூட அவருக்கு இருக்கக் கூடாது என்று வாரா வாரம் நடந்திருக்கிறாளே மேவிஸ். அவ்வளவு வெறுப்பா? அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. 

"அந்த மண்டபத்து மேல அவங்களுக்கு என்ன அப்படிக் கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல சார். 'எங்க வீட்டுக்காரர் ரிடையர் ஆன நாள்லேருந்து பத்து மணியானா கிளம்பி அங்க போய் உட்கார்ந்துடறார், மழை வருதுன்னு தினமும் சொல்லிப் பாக்கறேன், நிக்க மாட்டேங்கறார். அதை மட்டும் இடிச்சுட்டீங்கன்னா வேற போக்கிடம் இல்லாம என்கூட வீட்டுல இருப்பார்'னு சொன்னாங்க."